மைல்ஸ் என்ற பெயருக்குள் ஒரு பெண்

அன்புள்ள கயல்,

புனைபெயரில் நாவல் எழுதினால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் கண்டுபிடிப்பார்கள். ஊர்க்காரர்கள் பெயரைப் பார்த்துக் கதை படிப்பதில்லை. அதில் யார் வீட்டுச் சண்டை இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் மைல்ஸ் ஃபிராங்க்ளினுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு உதவும்.

முழுப்பெயர் ஸ்டெல்லா மரியா சாரா மைல்ஸ் ஃபிராங்க்ளின். 1879-இல் நியூ சவுத் வேல்ஸ் மலைப்பகுதியில், டால்பிங்கோ என்ற ஊரில், அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீட்டில் பிறந்தார். சின்ன வயது பிரிண்டபெல்லா பள்ளத்தாக்கில் செழிப்பாகவே கழிந்தது. பிறகு அப்பா கோல்பர்ன் பக்கம் சின்னதாக ஒரு பால்பண்ணைக்குக் குடும்பத்தை மாற்றினார். அங்கே பணமுடை ஆரம்பித்தது. கொஞ்சநாள் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தார். இருபது வயதாவதற்குள் எழுதி முடித்த நாவல்தான் 'மை பிரில்லியன்ட் கேரியர்'.

அதன் நாயகி சிபில்லா. அப்பா குடித்துச் சொத்தைக் கரைக்க, அம்மா கசந்துபோக, பதின்வயதில் மாடு கறக்கும் பெண். வறட்சியில் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் விழுந்துகிடக்கும் மாடுகளைத் தூக்கி நிறுத்தும் இடத்தை மட்டும் நிதானமாகப் படி. தூசி, கொளுத்தும் வெயில், கை ஓய்ந்த மனிதர்கள். இன்றைக்குத் தூக்கினாலும் நாளைக்கு மறுபடி விழும் மாடு. இதைச் செய்து பார்க்காதவரால் இப்படி எழுத முடியாது. பாட்டி வீட்டுக்குப் போனதும் புத்தகம், பியானோ, பணக்கார மாப்பிள்ளை எல்லாம் வருகிறது. மாப்பிள்ளை நல்லவன், அவளுக்கும் அவனைப் பிடிக்கும். இருந்தும் கட்டிக்கொள்ள மறுக்கிறாள். 1901-இல் அது பெரிய துணிச்சல். (நாவலில் குறை இல்லாமல் இல்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு அதில் ஏறக்குறைய இடமே கிடையாது.)

சிட்னியின் பெரிய பதிப்பகமான ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் வேண்டாம் என்றது. பிறகு பிரதி ஹென்றி லாசனிடம் போனது. அப்போது அங்கே மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர் அவர். லண்டன் போகும்போது எடுத்துச்சென்றார். எடின்பரோவின் பிளாக்வுட் நிறுவனம் 1901-இல் வெளியிட்டது. 'மைல்ஸ்' என்பது ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுவந்த முதல் கப்பல் கூட்டத்தில் கைதியாக வந்த மூதாதையின் பெயர். ஆண்பெயர்போல ஒலிக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் முன்னுரை எழுதிய லாசனே, இதை எழுதியது ஒரு பெண் என்று போட்டு உடைத்துவிட்டார். தலைப்பில் 'பிரில்லியன்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் மைல்ஸ் கேலியாக வைத்திருந்த கேள்விக்குறியையும் பதிப்பகம் எடுத்துவிட்டது.

ஊரில் கோபம் கிளம்பியது. உறவினர்கள் தங்களைத்தான் எழுதிவிட்டாள் என்றார்கள். சிபில்லாதான் ஸ்டெல்லா என்றே எல்லோரும் நம்பினார்கள். மனம் நொந்தவர், பிற்பாடு அந்த நாவலை மறுபதிப்பு செய்யவே விடவில்லை. அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1966-இல்தான் மறுபடி அச்சாயிற்று. அந்தக் கூத்தையே கிண்டலடித்து எழுதிய அடுத்த நாவல் 1946 வரை வெளிவரவில்லை. என்னைக் கேட்டால், உறவுக்காரர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டாம்.

ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. 1903-இல் வேறு பெயர் சொல்லிக்கொண்டு, சிட்னியிலும் மெல்போர்னிலும் ஒரு வருஷம் வீட்டுவேலைக்காரியாக இருந்தார், எழுதுவதற்காக. 1906-இல் சிகாகோ போனார். அங்கே பெண் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பில் வேலை, அதன் பத்திரிகைக்கு ஆசிரியப் பொறுப்பு. முதல் உலகப்போரின்போது மாசிடோனியாவில், ஸ்காட்லாந்துப் பெண்கள் நடத்திய போர்க்கள மருத்துவமனையில் சமையற்கட்டில் நின்றார். அப்புறம் லண்டன். 1932-இல்தான் சிட்னிக்குத் திரும்பி அம்மாவோடு குடியேறினார்.

இதற்கிடையில் 1928 முதல் 'பிரென்ட் ஆஃப் பின் பின்' என்று ஒருவர் மலைநாட்டுக் குடும்பங்களைப் பற்றி வரிசையாக நாவல் எழுதிவந்தார். யார் இவர் என்று இலக்கிய வட்டம் மண்டையை உடைத்துக்கொண்டது. மைல்ஸ்தான். சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த முறை மறைவு பலித்தது. பலருக்குச் சந்தேகம் இருந்தும் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை.

1954-இல் இறந்தார். சிக்கனமாக, சத்தமில்லாமல் சேர்த்த பணத்தை ஆண்டுதோறும் ஒரு நாவலுக்குப் பரிசளிக்க எழுதிவைத்திருந்தது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. ஆஸ்திரேலிய வாழ்க்கையைச் சொல்வதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1957-இல் முதல் பரிசு பாட்ரிக் ஒயிட்டின் 'வாஸ்' நாவலுக்கு. 2023-இல் அதைப் பெற்றவர் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண், சங்கரி சந்திரன். பரிசு பெற்ற அவருடைய நாவல், சிட்னியில் தமிழ்க் குடும்பம் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தின் கதை. அவருடைய முதல் நாவலை, ஆஸ்திரேலியத்தன்மை போதாது என்று அந்நாட்டுப் பதிப்பகங்கள் திருப்பியனுப்ப, அது கொழும்பில்தான் அச்சேறியது.

மைல்ஸை முதலில் படி, சங்கரியை அடுத்து. 'மை பிரில்லியன்ட் கேரிய'ரை வைத்து 1979-இல் வந்த திரைப்படம் நன்றாக இருக்கும், ஆனால் புத்தகத்துக்குப் பிறகு பார்.

அன்புடன்,
அத்தை