கங்காணியின் முன்பணமும் தோட்டத்து வாசலும்

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டிற்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தென்னாட்டு மலைத்தோட்டங்கள் பெருகவே, ஆள் சேர்க்கக் கங்காணிகள் ஊர்தோறும் வந்தனர். அவர்கள் தந்த முன்பணம் கடனாயிற்று. தலைக்கு இவ்வளவென்று அவர்களுக்குத் தரகும் உண்டு. ஆள் கடன் தீர்ந்து விடுபடுவதில் அவர்களுக்கென்ன ஆதாயம்?

இன்றும் பறிப்புக் காலத்தை முன்னிட்டு ஆள் தேடி வருவோர் உளர். ஊராட்சி உறுப்பினர் ஒருவர், வேலைக்குச் செல்வோர் இருவருடன், முன்னதாகவே தோட்ட அலுவலகத்திற்குச் சென்று விசாரித்தல் நன்று. கூலி நாட்கணக்கா, பறித்த பழத்தின் எடைக்கணக்கா? எடை போடுகையில் பறித்தவர் உடனிருக்கலாமா? பணம் யார் கையில் தரப்படும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடலாகாது.

முன்பணம் வேண்டாமென்று சொல்வது எளிது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! வாங்கியே தீரவேண்டுமாயின் சாட்சியுடன் எழுதி வாங்குக. அதைக் காட்டி ஆளைப் போகவிடாது வேலை வாங்கினால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அக்கடன் செல்லாது. மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.