சமாரியன் மறுநாள் புறப்பட்டான்

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல ஆண்டுகளாக வீடு சந்திப்பு ஊழியம் செய்து வருகிறேன். புதிதாக ஊழியத்துக்கு வரும் சகோதரிகள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "முடியாதுன்னு சொன்னா அது அன்பில்லாம போயிடாதா அக்கா?" போகாது. வேதத்தை வாசித்தும் மனிதர்களோடு பழகியும் அன்போடு எல்லை வைப்பதைப் பற்றி நான் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியனை எல்லாரும் அறிவோம். காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் பராமரித்தான். அடுத்து வருவதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டு அவன் புறப்பட்டான். அந்நாளில் அது கூலியாள் ஒருவனின் இரண்டு நாள் சம்பளம். தாராளமாகக் கொடுத்தான், பொறுப்பைப் பகிர்ந்தான், தன் பயணத்தையும் தொடர்ந்தான். அவனைத்தான் இயேசு நமக்கு முன்மாதிரியாக நிறுத்தினார்.

உடனே பதில் சொல்லாதீர்கள்

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்க, ஜாமீன் கையெழுத்துக் கேட்டு ஒரு சகோதரி வந்தார். "ஒரு கையெழுத்துதானே அக்கா, ஜெபிக்கிற நீங்க மாட்டேன்னு சொல்வீங்களா?" என்றார். காப்பி கொடுத்து, "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். பிறர் கடனுக்குப் பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரமும் 22-ஆம் அதிகாரமும் எச்சரிக்கின்றன. அன்றிரவு வீட்டுக்காரரோடு பேசி, சேர்ந்து ஜெபித்தோம். காலையில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். "கையெழுத்துப் போட முடியாதும்மா. கட்டணத்துல எங்களால முடிஞ்சதைக் காலேஜ்லயே கட்டிடறோம். திருப்பித் தர வேண்டாம். மீதிக்கு பேங்க்ல கேட்போம், நானும் கூட வர்றேன்" என்றேன்.

4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக வெளியாள் ஜாமீன் கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். போட வேண்டிய கையெழுத்து அந்தத் தாயுடையது. கூடப் போய் நிற்பது என்னுடையது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் 6-ஆம் அதிகாரம்தான், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் சொல்கிறது. முதலில் அவர் முகம் வாடத்தான் செய்தது. அந்த வாட்டத்தைப் பொறுத்துக்கொள்ளவும் அன்பு வேண்டும்.

தேவை எல்லாம் அழைப்பு அல்ல

மாற்கு முதலாம் அதிகாரத்தில், கப்பர்நகூம் முழுவதும் இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடியது. மறுநாள் இருட்டோடே எழுந்து அவர் தனித்து ஜெபிக்கப் போய்விட்டார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். பிதா எதற்காக அனுப்பினார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நானும் ஓர் எல்லை வைத்திருக்கிறேன்: இரவு ஒன்பது மணிக்கு மேல் என் கைப்பேசி ஹாலில்தான் இருக்கும். சாவு, ஆஸ்பத்திரி, ஆபத்து என்றால் மட்டும் வீட்டு எண்ணில் கூப்பிடலாம் என்று எல்லாரிடமும் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை.

மன்னிப்பு வேறு, அடிபடுவது வேறு

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம், "ஜெபித்துக்கொண்டு பொறுத்துப் போ" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது அன்பு ஆகாது. மன்னிப்பை அவள் உள்ளத்தில் கர்த்தர் வளர்ப்பார். உயிரைக் காப்பது நம் கடமை. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தையும் ஊழியம் செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பாரத்தைப் பிரித்துக் கொடுங்கள்

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலை முதல் மாலை வரை தனியாக வழக்குத் தீர்த்தார். நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று மாமனார் எத்திரோ எச்சரித்தார். ஜனங்கள் களைப்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. எல்லாம் என் ஒருத்தியால்தான் ஆக வேண்டும் என்றால் என்னிடம் வருகிறவர்கள் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும். அதனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது, வீட்டு ஜெபம், உணவு கொண்டு கொடுப்பது எல்லாவற்றையும் எங்கள் சங்கத்தில் தெருவாரியாகப் பிரித்திருக்கிறோம்.

சரியான எல்லைதானா?

வைத்த எல்லை சரிதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. முடியாது என்று சொன்னவரின் பெயரை என் ஜெபத்தில் மனதார எடுக்க முடிகிறதா? ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் அவரைக் கண்டால் நானாகப் போய் ஸ்தோத்திரம் சொல்லி, பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க முடிகிறதா? முடியும் என்றால் அந்த எல்லையில் உறுதியாக நில்லுங்கள். முகம் திருப்பத் தோன்றினால் உள்ளே இருப்பது கோபம்; அதைக் கர்த்தரிடம் கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டு, அந்த நபரிடம் போய்ப் பேசுங்கள்.