திண்டுக்கல் வரப்போரம் நாய்க்கடுகு பார்க்க

திண்டுக்கல்லுக்குச் செடிகொடி பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிறுமலைக்கு வண்டி கேட்கிறார்கள். நீங்கள் தேடி வந்தது நாய்க்கடுகு என்றால் மலையேற வேண்டாம், கீழேயே இருங்கள். உழவு ஓட்டிப் போட்ட மானாவாரிக் காடு, அதன் வரப்பு, தரிசு, தண்டவாள ஓரம், பிளாட் போட்டுக் கல் நட்ட நிலம் என்று மனிதக் கை பட்டுக் கிளறிய மண்ணில்தான் அது செழிக்கும். முழு வெயில் வேண்டும். மரநிழலில் தேடிப் பிரயோசனமில்லை.

ஐப்பசி மழைக்கு முளைத்தது கார்த்திகை, மார்கழியில் பூவும் காயுமாக நிற்கும். வருவதற்கு அதுதான் நல்ல சமயம். சித்திரையில் வந்தால் பெரும்பாலும் காய்ந்த குச்சிதான். திருச்சி சாலையில் வடமதுரை, மதுரை சாலையில் சின்னாளபட்டி, கரூர் சாலையில் வேடசந்தூர், எந்தப் பக்கம் பஸ் கிடைத்தாலும் சரி. ஊருக்குச் சற்று முன்னால் இறங்கி, காட்டுக்குள் பிரியும் மண்பாதையில் நடங்கள். காலையிலேயே போய்விட்டால் பூ வாடாமல் இருக்கும்.

முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை, மஞ்சள் பூவோடு நிற்கும் செடி. கண்ணால் பார்ப்பதற்கு முன் தண்டைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும். தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும் நுண்ணிய சுரப்பு மயிர்கள். மண்துகளும் சின்னப் பூச்சிகளும் அதில் ஒட்டிக் கிடக்கும். இலையைக் கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். இலையும் தனி இலை அல்ல: ஒரே காம்பின் நுனியில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள், விரல்களை விரித்தாற்போல். சமையல் கடுகுச் செடிக்கு இந்தக் கூட்டிலை கிடையாது.

பூவில் இரண்டுக்கும் நாலு இதழ்தான், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடுகில் இதழ்கள் நாலு திசைக்கும் விரிந்திருக்கும். நாய்க்கடுகில் நாலும் மேல்பக்கமாக ஒதுங்கி நிற்கும். மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். கடுகில் ஆறே ஆறு, நாலு நெட்டை, இரண்டு குட்டை. இதில் பத்துக்கு மேல் இருக்கும். ஒரு கைலென்ஸ் கொண்டுவருவது நல்லது.

எனக்குப் பிடித்தது காய். விரல் நீளத்தில், மெலிந்து, நீளவாக்கில் கோடுகளோடு நிமிர்ந்து நிற்கும். கடுகுக் காய் அடியிலிருந்து மேல்நோக்கிப் பிளக்கும். இது நுனியிலிருந்து கீழ்நோக்கி. முற்றிய காயை உள்ளங்கையில் தட்டினால் கரும்பழுப்பு விதைகள் விழும். கடுகின் வழவழப்பு இருக்காது, குறுக்கு வரிகள் ஓடும். உத்தராகண்டின் கட்வால் மலைக்காரர்கள் இதே விதையை ‘ஜக்கியா’ என்று சொல்லி, உருளைக்கிழங்குக்குத் தாளிக்கிறார்கள். நம் பக்கத்தில் களையென்று பிடுங்கி எறிகிறோம், வருத்தம்தான்.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் கிளியோம் விஸ்கோசா. செல்போனில் தேட அந்தப் பெயர் உதவும். கடுகுக் குடும்பம் அல்ல, வேளைக் குடும்பம். ஆனால் இரண்டும் நெருங்கிய பங்காளிகள். பக்கத்திலேயே வெள்ளைப் பூவோடு நல்வேளை நிற்கலாம். அதில் காய், பூக்காம்புக்கு மேலே இன்னொரு நீண்ட காம்பின் உச்சியில் இருக்கும்.

இன்னொரு மஞ்சள் பூச் செடியிடம் மட்டும் கவனமாக இருங்கள்: பிரம்மதண்டு. இலையெல்லாம் முள், ஒடித்தால் மஞ்சள் பால் வரும். அதன் விதை பார்வைக்குக் கடுகேதான், ஆனால் விஷம். 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கி, மூச்சுத் திணறி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே காட்டில் பொறுக்கிய எந்த விதையையும் வாயில் போடாதீர்கள். நாய்க்கடுகைச் சாறெடுத்துக் காதில் விடும் வைத்தியமும் வேண்டாம், சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

வேலி போட்ட காட்டுக்குள் இறங்குமுன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்றும் அப்போதே தெரிந்துவிடும். புல் அடர்ந்த வரப்பில் பாம்பு இருக்கும், மூடிய செருப்பு போடுங்கள். படமெடுத்தால் பூவை மட்டும் எடுக்காமல் இலை, காய், முழுச்செடி, நின்ற மண் எல்லாம் தெரியும்படி எடுங்கள். பூ மட்டும் இருக்கும் படத்தைக் காட்டி எது என்று கேட்டால், செடி தெரிந்தவர்களுக்கே சொல்வது கஷ்டம்.