சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

கேள்வி: மேல்நாடுகளில் சில குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் படுக்கையும் அமைந்த வாகனத்திலேயே வருஷக்கணக்காக வாழ்கின்றனவாம். இரண்டு பிள்ளைகளோடு நாங்களும் அவ்வாறு புறப்படலாமா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: அம்மணி, இதனை முற்றிலும் பரதேசத்து நூதனமென்று கொள்ள வேண்டியதில்லை. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் புகையிரதம் வந்து சேருமுன்னரும், அதற்குப் பின் நெடுங்காலமும், வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கலுக்குப் புறப்பட்ட நம்மவர் கூடார வண்டிலில் அரிசியும் பானைசட்டியும் ஏற்றி, வழிமரத்து நிழலில் மாடுகளை அவிழ்த்து உலைவைத்து, இரவில் வண்டிலின் கீழேயே பாய் விரித்து உறங்கினர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, குமண வனம் கடந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரையோ இன்றும் நிகழ்கின்றது. ஆனால் அவர்களுக்குத் திரும்பும் நாளொன்று உண்டு. வழியெங்கும் அன்னமிடுவோரும் உண்டு.

உங்களுக்கு முதற் சங்கடம் தண்ணீர். வற்றாத ஆறொன்றுமில்லாத நம் குடாநாட்டில், சுண்ணக்கல்லின் அடியிலூறும் கிணற்றுநீரே ஜீவாதாரமாதலால், நால்வர் ஸ்நானத்துக்கு நாடோறும் ஒருவர் கிணற்றடியை நாட நேரும். நம் சனம் மறுக்காது. ஆயின் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்ற விசாரணை முடியுமுன் வாளி கிணற்றில் இறங்காது!

அடுத்தது கல்வி. ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயமென்பது இந்நாட்டு விதி. ஆகவே, பள்ளி விடுமுறையில் ஒரு வானை அமர்த்தி, பாயும் மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டு, உகந்தை மட்டும் போய்வாருங்கள். வீட்டை இப்போது விற்க வேண்டாம்.