சிறு நீராவி எஞ்சினை மூட்டி ஓட்டுவோருக்கு

ஹட்டனிலிருந்து சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து கொட்டகலைக்கு வரும் மலையக ரயில் பாதையில், 44 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றங்கள் உண்டு. அதை மாதிரியாகக் கொண்டு முற்றத்தில் தண்டவாளம் இட்டு, நிலக்கரியில் இயங்கும் சிறு எஞ்சினை ஓட்ட விரும்புவோர், நெருப்பைவிட நீரையே முதலில் கவனிக்க வேண்டும். கொதிகலனில் வடிகட்டிய மழைநீரை நிரப்பி, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் நீர் நிற்பதைக் கண்ட பின்னரே, மண்ணெண்ணெயில் ஊறிய மரக்கரியால் தீ மூட்டி, அது நன்கு பற்றியதும் நிலக்கரியைச் சிறிது சிறிதாக இடுவது முறையாகும். நீராவி சேரும்வரை புகைபோக்கியின் மேல் சிறு மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்கலாம்.

புகைபோக்கி முன்னிருக்க ஏறும்போது நீர் பின்புற அடுப்பறைப் பக்கம் சாய்வதால் கண்ணாடியில் மட்டம் கூடுதலாகத் தோன்றும். உச்சி கடந்து இறங்கத் தொடங்கியதும் அதே நீர் முன்னே ஓடி, அடுப்பறையின் கூரைத் தகட்டை வெறுமையாக்கிவிடக்கூடும். நீரின்றிக் காயும் அத்தகடு வலுவிழந்து வெடிப்புக்கே இடமளிக்கும் என்பதால், உச்சியை அடையுமுன்பே நீரேற்றிவிடுதல் இன்றியமையாதது. புறப்படும் வேளையில், சிலிண்டரில் குளிர்ந்து தேங்கிய நீர் அமுக்கத்திற்கு இடங்கொடாது பிஸ்டனை உடைக்கக்கூடும். ஆகவே வடிகுழாய்களைத் திறந்து வைத்து, மெதுவாக நகர்த்த வேண்டும்.