வாசலுக்கு வெளியே நின்று கேள்

அன்புள்ள தம்பி,

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நைட் கிளப்பின் நேரலையைக் கவனிக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இதற்கா இன்ஜினியரிங் படித்தாய் என்று வீட்டில் கேட்பதை மனதில் போட்டுக்கொள்ளாதே. நீ இருக்கும் ஊரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. நெட்ஸ்கேப்பின் ஆரம்பகால நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி, 1985 முதல் இயங்கிவந்த டிஎன்ஏ லவுஞ்ச் கிளப்பை 1999இல் வாங்கினார். உரிமங்களோடும் கட்டட வேலைகளோடும் மல்லுக்கட்டி 2001இல் மறுபடி திறந்தார். உள்ளே நடப்பதை இணையத்தில் நேரலையாகவும் அனுப்பினார். யூடியூப் வந்ததே 2005இல்தான்.

இந்த வேலையில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்: ஹாலில் நடப்பது வேறு, பார்ப்பவரிடம் போய்ச் சேர்வது வேறு. தொல்லைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முளைக்கின்றன.

முதலில் சத்தம். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள்; சத்தம் விட்டுவிட்டு வந்தால் உடனே மூடிவிட்டுப் போவார்கள். மிக்சரிலிருந்து வரும் ஒலியை அப்படியே அனுப்பாதே. சின்ன ஹாலில் டிரம்ஸ் தானாகவே காதைப் பிளக்கும் என்பதால் சவுண்ட் இன்ஜினியர் அதை ஸ்பீக்கரில் அதிகம் ஏற்ற மாட்டார், குரலைத்தான் ஏற்றுவார். வீட்டில் கேட்பவருக்குக் குரல் மட்டும் மொட்டையாக நிற்கும். ஹாலில் இரண்டு மைக் தொங்கவிட்டு அதையும் கலந்துகொள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டர் தள்ளி மைக் இருந்தால், மிக்சர் ஒலியை 45 மில்லி செகண்ட் அளவுக்குத் தாமதப்படுத்து. இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். படம் இன்னும் தாமதமாக வரும். அதற்கு மேடையில் ஒருவரைக் கைதட்டச் சொல்லி, தட்டும் சத்தமும் படமும் ஒன்றுசேரும்வரை சரிசெய்.

60 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் எர்த் பின்னை வெட்டிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதே, அது உயிரோடு விளையாடுவது. ஒலிக் கம்பியில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடு.

அடுத்து விளக்கு. முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பித்தான் என்கோடர் அளவைக் குறைக்கிறது. ஸ்ட்ரோப் லைட் வெட்டும்போது முழுப் படமும் மாறிவிடும். புகையும் சேர்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். லைட் ஆபரேட்டரோடு முன்கூட்டியே பேசி வை. ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் ஆட்டோவில் விடாதே.

காலி ஹாலில் சாயங்காலம் நன்றாக ஓடிய வைஃபை, இரவு 11 மணிக்குக் கூட்டத்தின் போன்களுக்கு நடுவே திணறும். மனித உடம்பும் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கேபிளே போடு. 6 எம்பிபிஎஸ் அனுப்புவதென்றால் அப்லோடு வேகம் 12 எம்பிபிஎஸாவது இருக்கட்டும். நெட் அறுந்தாலும் நிகழ்ச்சி தொலையாமலிருக்க அங்கேயே ஒரு பிரதி ரெக்கார்டு செய்.

உரிமத்தையும் கேட்டுத் தெரிந்துகொள். ஹாலில் பாட்டுப் போட ஆஸ்கேப், பிஎம்ஐ அமைப்புகளிடம் வாங்கும் உரிமம் இணையத்தில் அனுப்புவதற்குச் செல்லாது. டிஜே போடும் ரெக்கார்டு ஒன்றை, நேரலை ஓடும் தளத்தின் கணினி அடையாளம் கண்டால், உன் நேரலை பாதியில் ஊமையாகலாம். நிர்வாகத்திடம் இதை முதல் நாளே பேசு.

இவ்வளவும் செய்தபின், என்கோடரில் பச்சை விளக்கு எரிகிறது என்று திருப்திப்பட்டுவிடாதே. நீ அனுப்புகிறாய் என்பதை மட்டும்தான் அது சொல்லும். அரை மணிக்கொருமுறை வாசலுக்கு வெளியே போ. கிளப்பின் வைஃபையில் இல்லாமல் உன் சொந்த மொபைல் டேட்டாவில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேள். கைக்குழந்தையை விட்டு வர முடியாதவர், டிக்கெட்டுக்குக் காசில்லாதவர், வாசிப்பவரின் தூரத்து ஊர் அம்மா எல்லோரும் கேட்பது அதைத்தான். அவர்களுக்கும் நீ பொறுப்பு.

முதல் வாரத்து ரெக்கார்டிங்கை எனக்கு அனுப்பு. முழுதும் கேட்டு, குறையென்று படுவதையெல்லாம் நிமிடக் கணக்கோடு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா