இணையத்தில் ஒரு முகவரி

நுழையும்முன்

திறன் இருந்தும், அத்திறனை அறிந்தவர் இல்லாமையால் வேலைவாய்ப்பை இழப்போர் பலர். பொழுதுபோக்கிற்கு உரியவை எனக் கருதப்படும் சமூக வலைத்தளங்கள், முறையாகப் பயன்படுத்துவோர்க்கு இக்குறையை ஓரளவு நீக்கும் கருவிகளாகின்றன. அவற்றைக் கையாளும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

அன்றைய தேடல்

ஒரு தலைமுறைக்கு முன்னர், வேலை தேடும் இளைஞரின் முதற்பணி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்வதாகும். பதிவு அட்டையைப் போற்றிப் பாதுகாத்து, உரிய காலத்தில் புதுப்பித்து, அழைப்புக் கடிதத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் பலர். நாளிதழ்களின் வரி விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பித்தோரும் உண்டு. ஆயினும், தனியார் நிறுவனங்களின் பணியிடங்கள் பல, விளம்பரத்திற்கு வருமுன்பே ‘தெரிந்த பிள்ளை’ ஒருவரால் நிரப்பப்பட்டன. உறவினரோ நண்பரோ அங்குப் பணியாற்றினால் செய்தி எட்டியது, ஏனையோர்க்கு எட்டவில்லை. கல்வித்தகுதியைப் போலவே அறிமுகமும் ஒரு செல்வமாக விளங்கியது. இந்நிலை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. மாறியிருப்பது, அவ்வறிமுகத்தைத் தேடிக்கொள்ளும் வழியே ஆகும்.

மெல்லிய உறவின் வலிமை

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் வியப்பிற்குரிய உண்மையை எடுத்துரைத்தார். பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில், அறிமுகமானவர் வாயிலாகப் புதிய வேலை பெற்றவர்களிடம், செய்தி சொன்னவரை எத்துணை அடிக்கடி சந்தித்தனர் என அவர் வினவினார். அடிக்கடி சந்தித்ததாகக் கூறியோர் 16.7 விழுக்காட்டினரே. எப்போதாவது சந்தித்ததாக 55.6 விழுக்காட்டினரும், மிக அரிதாகவே சந்தித்ததாக 27.8 விழுக்காட்டினரும் கூறினர்.

இதன் காரணம் எளிது. நெருங்கிய நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்தில் பழகுகின்றனர். ஒருவர் அறிந்த செய்தியை மற்றவரும் அறிந்திருப்பார். ஓரளவே பழகியவரோ வேறொரு வட்டத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள செய்தியை இங்குக் கொண்டுவரும் பாலமாக அவர் அமைகிறார். லிங்க்டுஇன் பயனர்கள் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரின் ஐந்தாண்டுத் தரவுகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு, 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. மிக நெருங்கிய உறவைக் காட்டிலும் ஓரளவு மெல்லிய உறவே வேலை மாற்றத்திற்குப் பெரிதும் துணைநின்றதை அவ்வாய்வும் காட்டியது.

இவ்வுண்மை, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு நம்பிக்கை தருவதாகும். குடும்பத்தில் அலுவலகம் சென்றவர் ஒருவரும் இல்லை என்பது குறையே எனினும், ஈடுசெய்ய இயலாத குறை அன்று. மெல்லிய உறவுகளை முயன்று உருவாக்கிக்கொள்ள இயலும்.

தொழில்சார் தளங்கள்

தொழில்சார் உறவுகளுக்கென்றே அமைந்த லிங்க்டுஇன் தளம், 2003ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டிற்கு வந்தது. இதனை 2016இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வாங்கியது. கணினி நிரலாளர்கள் தம் நிரல்களைக் காட்சிப்படுத்தக் கிட்ஹப் என்னும் தளமும், வடிவமைப்பாளர்கள் தம் படைப்புகளைக் காட்டப் பிஹான்ஸ் என்னும் தளமும் உள்ளன. வேலை தேடுவோர் பதிவுசெய்ய, நடுவண் அரசின் தேசியப் பணிவாய்ப்புச் சேவைத் தளம் 2015முதல் இயங்குகிறது. தமிழ்நாடு அரசும் தனியார்துறை வேலைவாய்ப்புகளுக்கெனத் தனி இணையத்தளம் நடத்துகிறது.

தன்விவரம் எழுதும் முறை

நாகர்கோவில் பகுதியில் மின்னியல் பட்டயப்படிப்பு பயிலும் மாணவி ஒருத்தி, முப்பந்தல் காற்றாலைகளில் பராமரிப்புப் பணியில் சேர விழைவதாகக் கொள்ளலாம். அவள் தன் பக்கத்தில், ‘கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்பவள், எந்த வேலைக்கும் ஆயத்தம்’ என எழுதுகிறாள். இச்சொற்களை எவரும் எழுதலாம். ஆதலின், இவை எவரையும் அடையாளம் காட்டுவதில்லை.

அவளே, ‘மின்னியல் பட்டயப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. மும்முனை மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரியும். கோடை விடுமுறையில் பட்டறையொன்றில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். அங்குப் பழுது நீக்கிய மூன்று மோட்டார்களின் படங்களும் குறிப்புகளும் கீழே உள்ளன’ என எழுதுவாளாயின், படிப்பவர் மனத்தில் அவளது உருவம் பதியும். முன்னது தன்னைப் புகழ்கிறது. பின்னது தன் வேலையைக் காட்டுகிறது. பணியமர்த்துவோர் தேடுவது பின்னதையே.

முகம் தெளிவாகத் தெரியும் எளிய படம், பிழையற்ற மொழி, உண்மையான பெயர், பொறுப்பான மின்னஞ்சல் முகவரி ஆகியவை தன்விவரத்தின் அடிப்படைகள். பெறாத பயிற்சியையோ முடிக்காத படிப்பையோ குறிப்பிடுதல் கூடாது. நேர்காணலில் கேட்கப்படும் இரண்டாம் வினாவிலேயே பொய் வெளிப்பட்டுவிடும்.

உரையாடும் பண்பு

அறிமுகமில்லாதவரிடம், ‘எனக்கொரு வேலை வாங்கித் தாருங்கள்’ எனத் தொடங்குதல் நாகரிகமன்று. ‘ஐயா, வணக்கம். தாங்கள் பயின்ற கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். காற்றாலைப் பராமரிப்புப் பணியில் ஆர்வம் உண்டு. அதற்கு எத்திறனை முதலில் கற்க வேண்டும் எனத் தாங்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்’ என எழுதலாம். வேலை கேட்பவருக்கு ‘இல்லை’ என ஒரே சொல்லில் விடை கிடைக்கலாம். வழி கேட்பவருக்கு விடை சொல்லப் பலர் முன்வருவர். விடை வந்தால் நன்றி கூறுதலும், கூறியவாறு கற்றபின் அதனைத் தெரிவித்தலும் அவ்வுறவை நிலைபெறச் செய்யும்.

விழிப்புணர்வு

இணையத்தில் இட்ட பதிவு நீக்கப்பட்ட பின்னும் பிறரிடம் படியாக எஞ்சியிருக்கக்கூடும். சினத்தில் எழுதிய இழிசொல்லும், பிறரைப் புண்படுத்திய கேலியும் பின்னொரு நாள் வாய்ப்பின் கதவை அடைக்கலாம். வீட்டு முகவரி, ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவற்றைப் பொதுவெளியில் இடுதல் ஆகாது.

வேலை தருவதாகக் கூறிப் ‘பதிவுக் கட்டணம்’, ‘காப்புத்தொகை’ எனப் பணம் கேட்போரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. நேர்மையான நிறுவனம் ஊதியம் கொடுக்கவே ஆள் தேடுகிறது. பணம் பெறுவதற்காக அன்று. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பின் ஏமாற்றத்தை உணர்வதைவிட, முதலிலேயே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கலந்து பேசுதல் நன்று.

தெரியுமா?

லிங்க்டுஇன் தளத்தில் இணைய 16 வயது நிறைந்திருத்தல் வேண்டும். இணையவழிப் பணமோசடிக்கு ஆளானோர் 1930 என்னும் உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

நிறைவாக

வலைத்தளம் திறனை உருவாக்குவதில்லை. உள்ள திறனை உரியவர் கண்ணில் படச் செய்கிறது. மோட்டாரின் பழுதை நீக்கத் தெரியாதவர்க்கு, அழகிய தன்விவரப் பக்கம் ஒரு நாளைக்கே உதவும். தெரிந்தவர்க்கோ, அப்பக்கம் ஊர் எல்லையைக் கடந்து செல்லும் அறிமுகக் கடிதமாகும். பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டின் பிள்ளையும் அக்கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொள்ள முடியும். அதன் ஒவ்வொரு வரியும் உண்மையாய் இருத்தல் ஒன்றே அதற்கு வேண்டிய முத்திரை.

கற்பவை கற்றபின்

1. ‘கடின உழைப்பாளி’ என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல், உழைப்பை மெய்ப்பிக்கும் ஐந்து தொடர்களில் தன்விவரக் குறிப்பு ஒன்று எழுதுக.
2. விரும்பும் துறையில் பணியாற்றும் ஒருவரிடம் வழிகாட்டுதல் வேண்டி அனுப்பும் மடலை உருவாக்குக.
3. ‘நெருங்கிய நட்பைவிட மெல்லிய அறிமுகமே வேலை தேடலில் மிகுதியும் உதவும்’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.